பிரதிவாதி: ஐம்பது டின் முட்டை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். சின்னதாக ஒரு பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். அன்று ராத்திரி வெகுநேரம் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் சோதனைக்கு வந்த அதிகாரிகள் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்த 14 கிலோ கோழிக்கறியையும் எடுத்து, பினாயில் ஊற்றி, குழியில் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

"சார், என்மேல கேஸ் இல்ல. கோர்ட்டுக்கு வான்னும் சொல்லல. கறிய மட்டும் பிடிச்சு அழிச்சுட்டாங்க. குத்தம் பண்ணது நானா, கோழியா? நீங்க ஹிஸ்டரி சார்தானே, சொல்லுங்க" என்றான்.

கோபத்தில் கேட்டான். ஆனால் சரியான கேள்வி. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி. அன்று போனில் அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

நம் ஊர்க் கோர்ட்டில் வழக்கின் பெயர் எப்படி இருக்கும்? அரசு எதிர் முருகன், அரசு எதிர் ராமசாமி என்று ஆள் பெயர் இருக்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்து உணவு வழக்குகளின் பெயர்களைப் பாருங்கள்: "அமெரிக்க அரசு எதிர் நாற்பது பீப்பாய், இருபது சிறு பீப்பாய் கோகோ கோலா." "அமெரிக்க அரசு எதிர் தொண்ணூற்றைந்து பீப்பாய் ஆப்பிள் வினிகர்." வகுப்பில் இதைச் சொன்னால் பின் பெஞ்சு விழுந்து விழுந்து சிரிக்கும். கூண்டில் பீப்பாய் எப்படி ஏறும், வக்கீல் வைக்குமா என்று கேட்பீர்கள். ஆனால் இது வேடிக்கைக்கு வைத்த பெயர் இல்லை. உண்மையிலேயே பண்டம்தான் பிரதிவாதி.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கு முட்டையிலிருந்து தொடங்கலாம்.

ஓட்டுக்குள் இருக்கும் முட்டை ஒரு வகையில் நேர்மையான பொருள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே கெட்டிருப்பது தெரியும். தண்ணீரில் போட்டால் பழைய முட்டை மிதக்கும். உடைத்தால் மூக்கே சொல்லிவிடும். நம் வீட்டுப் பெண்கள் முட்டையை நேராகச் சட்டியில் உடைத்து ஊற்றமாட்டார்கள். முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார்கள். ஒரு கெட்ட முட்டை பத்து நல்ல முட்டையைக் கெடுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்கள் பெருத்தன. ரயில் வந்தது, குளிர்பதனக் கிடங்கு வந்தது. பெரிய பேக்கரிகளுக்கு முட்டை ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது. அதனால் முட்டையை ஓட்டிலிருந்து எடுத்து, மொத்தமாகக் கலக்கி, டின்னில் அடைத்து விற்கும் தொழில் வளர்ந்தது. சிலர் உறைய வைத்தார்கள், சிலர் மருந்து கலந்தார்கள். தொழில் தப்பில்லை. ஆனால் ஓடு போனதும், வாங்குகிறவனிடம் இருந்த சோதனைக் கருவியும் போய்விட்டது. விரிசல் விட்டது, அழுக்கானது, பாதி அழுகியது எல்லாம் நல்ல முட்டையோடு சேர்ந்துவிட்டால் எந்தக் கண்ணும் பிரிக்க முடியாது. அந்த டின் கேக்காகிக் குழந்தையின் கைக்கு வரும்போது அதில் முட்டை இருப்பதே தெரியாது.

மருந்து என்றேனே, அதில் முக்கியமானது போரிக் அமிலம். நமக்குப் புதிது இல்லை. கேரம் போர்டில் காய் வழுக்குவதற்குத் தூவுவோமே, அந்தப் பவுடர்தான். இறைச்சி, வெண்ணெய், முட்டை என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். அமெரிக்க வேளாண்துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி 1902-ல் ஒரு சோதனை தொடங்கினார். ஆரோக்கியமான இளைஞர்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, தினமும் சாப்பாடு போட்டு, அந்தச் சாப்பாட்டோடு இந்த மருந்துகளை அளந்து கொடுத்தார். பத்திரிகைகள் அவர்களுக்கு விஷப் படை என்று பட்டப்பெயர் வைத்தன. முதலில் சோதித்தது போரிக் அமிலத்தையும் வெண்காரத்தையும்தான். இளைஞர்களுக்குப் பசி போனது, தலைவலி வந்தது, வயிற்றைப் புரட்டியது.

1906-ல் அப்டன் சின்க்ளேர் எழுதிய "தி ஜங்கிள்" நாவல் வெளிவந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அசிங்கத்தைப் படித்து நாடே முகம் சுளித்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1907 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அழுகிய, அசுத்தமான பிராணிப் பொருளோ தாவரப் பொருளோ கலந்திருந்தால் அது கலப்பட உணவு. உடம்புக்குக் கேடு செய்யும் பொருளைச் சேர்த்திருந்தாலும் கலப்பட உணவு.

இந்தச் சட்டத்தில் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று, ஆள்மேல் வழக்கு. மாநிலம் விட்டு மாநிலம் கெட்ட பண்டத்தை அனுப்பியவனுக்கு முதல் தடவை அபராதம் 200 டாலருக்கு மேல் கிடையாது. மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு. பெரிய கம்பெனிக்கு 200 டாலர் என்பது லாரி வாடகை மாதிரி, செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். அதுவும் இல்லாமல், ஆள்மேல் வழக்குப் போட்டால் வருஷக் கணக்கில் நடக்கும். அதற்குள் டின்னில் இருந்தது யார் யார் வயிற்றுக்கோ போயிருக்கும்.

இரண்டாவது ஆயுதம் பத்தாவது பிரிவு. பண்டத்தின் மேலேயே வழக்கு. இது கப்பல் சட்டத்திலிருந்து எடுத்தது. கடத்தல் சரக்கோடு ஒரு கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, முதலாளி எந்த நாட்டிலோ இருக்கிறான். அவனைத் தேடிக்கொண்டிருந்தால் கப்பல் போய்விடும். அதனால் கப்பலையே பிடித்து வைத்து, உரிமை உள்ளவன் வந்து வாதாடட்டும் என்பது பழைய வழக்கம். அந்த முறையை உணவுக்கும் கொண்டுவந்தார்கள். பரிசோதகர் மாதிரி எடுப்பார். வேதியியல் கூடத்தில் சோதிப்பார்கள். அரசு வக்கீல் நீதிமன்றத்தில் மனுப் போடுவார். நீதிமன்ற அலுவலர் போய்ச் சரக்கைக் கைப்பற்றுவார். உரிமையாளர் வந்தால் வாதாடலாம். ஜூரி வேண்டும் என்றும் கேட்கலாம். தோற்றால் சரக்கு அழிக்கப்படும். அல்லது செலவைக் கட்டி, சட்டத்துக்கு விரோதமாக விற்கமாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தின்ன உதவாத முட்டையைத் தோல் பதனிடுகிறவர்கள் வாங்குவார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் தோலுக்கு முட்டை மஞ்சள் எதற்கு என்று கீழே எழுதுங்கள்.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். குற்றம் செய்தது நானா, கோழியா?

ஹிப்போலைட் எக் கம்பெனி என்று செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு கம்பெனி. அங்கிருந்து டின்னில் அடைத்த முட்டைக் கலவை, பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸில் உள்ள பியோரியா ஊரின் பேக்கரி ஒன்றுக்குப் போனது. அதில் போரிக் அமிலம் இருந்தது. நூறு பங்குக்கு ஏறக்குறைய 2 பங்கு. அதாவது ஒரு கிலோ முட்டைக் கலவையில் 20 கிராம். பேக்கரியின் சாமான் அறையில் மாவோடும் சர்க்கரையோடும் அடுக்கியிருந்த 50 டின்களை அரசு கைப்பற்றியது.

கம்பெனி வழக்காடியது. அவர்கள் வாதம் லேசானதில்லை. "இந்த முட்டையை யாரும் கடையில் விற்கப்போவதில்லை, பேக்கரி கேக் செய்ய வைத்திருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மேல்தான் மத்திய அரசுக்கு அதிகாரம். பயணம் முடிந்து, டின் சாமான் அறைக்குள் போய்விட்டது. இனி அது அந்த மாநிலத்துச் சொத்து. உங்களுக்கு இங்கே என்ன வேலை?"

1911 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி மெக்கென்னா எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: சட்டம் விலக்கி வைத்த பண்டம், பயணம் முடிந்தது என்பதால் நல்ல பண்டமாகிவிடாது. அது பிரிக்கப்படாத பெட்டியில் எங்கே இருந்தாலும் பிடிக்கலாம். கேட்டைத் தடுக்க வேண்டிய இடம், அது மனிதனைப் போய்ச் சேருவதற்கு முந்திய இடம். கேக்காக மாறிய பிறகு பிடித்து என்ன பயன்? கம்பெனி தோற்றது. வழக்குச் செலவையும் கம்பெனியே கட்ட வேண்டும் என்றார்கள்.

இத்தோடு நிறுத்தினால் அரசாங்கம் எதைப் பிடித்தாலும் சரி என்று நான் பாடம் நடத்தியதாக ஆகிவிடும். அடுத்த ஆண்டே இன்னொரு முட்டை வழக்கு வந்தது. அதையும் படிக்க வேண்டும்.

இந்தத் தடவை பிரதிவாதி "443 டின் உறைந்த முட்டை". பிடிபட்ட இடம் நியூ ஜெர்சி. இங்கே மருந்துப் பிரச்சினை இல்லை, முட்டை அழுகியிருக்கிறது என்பதே குற்றச்சாட்டு. எச்.ஜே. கீத் கம்பெனி இது எங்கள் சரக்கு என்று வந்து வாதாடியது. மாவட்ட நீதிமன்றம் விசாரித்து அரசின் மனுவைத் தள்ளியது. அரசு விடவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டு, முட்டை அழுகியதுதான் என்று சொல்லிப் பறிமுதலுக்கு உத்தரவிட்டது. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1912 டிசம்பரில் தீர்ப்பு. நீதிபதி டே எழுதினார். கப்பல் வழக்கின் முறையைக் கடன் வாங்கியது சரக்கைப் பிடிக்கிற வேலைக்கு மட்டும்தான். பிடித்த பிறகு நடப்பது தரையில் நடக்கிற சாதாரண வழக்கு. அதில் உரிமையாளருக்கு ஜூரி விசாரணை உண்டு. கப்பல் வழக்கில் செய்வதுபோல மேல்கோர்ட் உட்கார்ந்து சாட்சியத்தை முதலிலிருந்து கிளறக் கூடாது. சட்டப் பிழை இருந்தால் மட்டும் பார்க்கலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பு ரத்தானது. அரசு தோற்றது.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது, பண்டம் வயிற்றுக்குப் போகும் முன்பே பிடி, காத்திருக்காதே என்கிறது. இரண்டாவது, பிடித்த கையோடு கதவைச் சாத்திவிடாதே, உடையவன் பேச வழி விடு என்கிறது. ஒன்றில்லாமல் இன்னொன்று நிற்காது. முதலாவது மட்டும் இருந்தால் எந்த அதிகாரியும் எவன் கடையையும் காலி செய்யலாம். இரண்டாவது மட்டும் இருந்தால் வாய்தா வாங்கி வாங்கியே அழுகிய முட்டையை விற்றுத் தீர்த்துவிடலாம்.

இந்தப் பறிமுதல்களால் வேறொரு நல்லதும் நடந்தது. மேரி பென்னிங்டன் என்ற பெண் விஞ்ஞானி வைலியின் துறையில் உணவு ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தினார். பெண் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்று, வெறும் எம்.இ. பென்னிங்டன் என்று எழுதித்தான் தேர்வுக்கே விண்ணப்பித்தார். முட்டை எப்படிக் கெடுகிறது என்று அவருடைய குழு ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தது. தொழிற்சாலைகளுக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்தது என்ன தெரியுமா? முட்டையை முதலில் சின்னக் கிண்ணத்தில் உடை, முகர்ந்து பார், பிறகு பெரிய பாத்திரத்தில் ஊற்று. நம் வீட்டுச் சமையலறையில் நடப்பதேதான்! பிடிப்பது பாதி வேலை, கெடாமல் இருக்கக் கற்றுத் தருவது மீதி வேலை.

இங்கிலாந்தில் வேறு வழி. 1875-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி சுகாதார அதிகாரியே சந்தைக்குள் போய், கெட்டுப்போன இறைச்சி, மீன், பழம், பால் எதுவானாலும் அந்த இடத்திலேயே கைப்பற்றலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்து, ஆம் கெட்டதுதான் என்று சொன்ன பிறகே அழிக்க வேண்டும். கை அதிகாரியுடையது, முடிவு நீதிபதியுடையது.

நம் சென்னை மாகாணத்தில் கலப்படத் தடுப்புச் சட்டம் 1918-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுவதற்கும் 1954-ல் ஒரு சட்டம். இப்போது இருப்பது 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டு சரியாக நூறு வருஷம் கழித்து. இதில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பண்டத்தைக் கைப்பற்றலாம். சீக்கிரம் கெடும் பொருள் மனிதர் சாப்பிடத் தகுதியில்லாத அளவுக்குக் கெட்டிருந்தால், கோர்ட்டுக்குப் போகாமலே அழிக்கவும் செய்யலாம். ஆனால் ஒன்று, கடைக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். காரணமே இல்லாமல், தொல்லை கொடுப்பதற்காகப் பறிமுதல் செய்தால் அந்த அலுவலருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தில் இரண்டு பாதியும் இருக்கிறது. கடைத்தெருவில் இரண்டும் நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் சத்துணவுக்கு முட்டை வந்து இறங்கியது. சித்திரை நெருங்கும் வெயில் காலம். சமையல் செய்யும் அம்மா வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். முப்பதுக்கு மேல் மிதந்தது. எனக்குக் கவலை முட்டையைப் பற்றி இல்லை, இருப்புப் பதிவேட்டைப் பற்றி. எண்ணிக்கை இடிக்குமே! "அப்படியே வைம்மா, ஆபீசுக்கு எழுதிக் கேட்டுட்டு அப்புறம் கொட்டலாம்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார், நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள புள்ளைங்க தட்டோட வந்து நிக்கும். இது இங்க இருந்தா கை மறதியா யாராவது அவிச்சுடுவாங்க" என்று சொல்லிவிட்டு, தென்னை மரத்தடியில் குழி பறித்து எல்லாவற்றையும் உடைத்துப் போட்டு மூடிவிட்டார். நாற்றம் என் அறை வரைக்கும் வந்தது.

எனக்குக் கோபம். அன்று சாயங்காலம் யோசித்தேன். அந்த அம்மா செய்தது சரி. ஆனால் நாளைக்கு யாராவது வந்து முப்பது முட்டை எங்கே என்று கேட்டால், திருடிவிட்டார் என்று அவர் தலையில்தான் விழும். அதனால் பதிவேட்டில் தேதி, எண்ணிக்கை, மிதந்தவை, பயன்படுத்தத் தகுதியற்றவை, என் முன்னிலையில் அழிக்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவையும் போடச் சொன்னேன். முட்டையை அழித்தது அவர். அவரைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி. ஹிப்போலைட் வழக்கும் 443 டின் வழக்கும் எங்கள் தென்னை மரத்தடியில் நடந்து முடிந்ததை நான் பல வருஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

மாணவனிடம் கடைசியாகக் கேட்டேன். "தம்பி, காலையில ஃப்ரீசரைத் திறந்தப்ப வாசனை எப்படி இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "லேசா இருந்துச்சு சார். மசாலாவுல போயிடும்னு நெனச்சேன்" என்றான்.

பொய் சொல்லவில்லை பாருங்கள், அது எனக்குச் சந்தோஷம். அவனிடம் சொன்னது இதுதான்: "கோழியைப் பிடிச்சது சரி. மசாலாவுல போயிருக்கும், ஆனா சாப்பிடறவனுக்கு அது தெரியாது, முட்டை டின் மாதிரி. நஷ்டம் உன்னோடது, தாங்கிக்க. ஆனா எழுத்துல ஒரு நோட்டீசும் குடுக்காமப் போனது தப்பு. அதைப் போய்க் கேளு. மரியாதையாக் கேளு, எழுதிக் கேளு. என்ன பிடிச்சோம், எத்தனை கிலோ, ஏன் அழிச்சோம்னு ஒரு தாள் உனக்கு வரணும். அது உன் உரிமை."

அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. ஒரு இன்வெர்ட்டர் வாங்கிவிட்டான்.

உங்களில் ஹோட்டல், பேக்கரி, மளிகை நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உணவுத் துறையிலும் வருவாய்த் துறையிலும் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் என் பிள்ளைகள்தான். கடைக்காரப் பிள்ளைகளே, மூக்கு சொல்வதைக் கேளுங்கள். அதிகாரிப் பிள்ளைகளே, பினாயில் ஊற்றுவதற்கு முன்னால் அந்த ஒரு தாளை எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்